நாலு கே.பி.யில் ஓர் ஊர்

ஏழாவது சர்வரைப் பார்த்து முடித்து எட்டாவதற்குள் நுழையும்போதும் அளவு மேடத்தின் கைப்பை தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் உட்கார மாட்டார். நின்ற வாக்கிலேயே கீபோர்டைத் தட்டுவார். ஆம்புலன்ஸ் சேவையின் கணினிப் பிரிவில் பதினாறு வருடமாக இதே பழக்கம். ஊரெங்கும் முப்பத்தெட்டு ஆம்புலன்ஸ் நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு சர்வர். ஒரே இடத்தில் கட்டளையை எழுதிவைத்தால் போதும், முப்பத்தெட்டும் வாரம் ஒருமுறை புதிய சாலை மேப்பைத் தாமாகவே டவுன்லோட் செய்துகொள்ளும். அதை நடத்தி வைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. வேலை முடிந்தால் திரையில் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. பச்சையைப் பார்த்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மேடம் போக மாட்டார். "பச்சைன்னா என்ன அர்த்தம்? சொன்னதைச் செஞ்சுட்டேன்னு அது சொல்லுது, அவ்வளவுதான். என்னத்தைச் செஞ்சு கிழிச்சுச்சுன்னு நாமதான் பாக்கணும்" என்பார். அதனால் ஒவ்வொரு சர்வராகப் புகுந்து மேப் ஃபைலின் அளவை வாய்விட்டுப் படிப்பார். "நானூத்திப் பன்னெண்டு எம்.பி. சரி. அடுத்தவன் வா." 'அளவு மேடம்' என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். சர்வர்கள் எல்லாம் அவருக்கு 'அவன்'கள். பதினேழாம் நிலையத்தில் இருப்பது மட்டும் 'மாப்பிள்ளை'. லைன் மெதுவானது, சொன்ன நேரத்துக்கு எதையும் செய்யாது, விட்டுவிடவும் முடியாது.

வீட்டிலும் அவருக்கு இதே பிழைப்புதான். கணினிப் பிரிவில் இருப்பவளுக்கு மின்சாரத்தில் ஓடும் எல்லாமே தெரியும் என்பது சொந்தக்காரர்கள் முடிவு. மிக்ஸி சத்தம் போட்டாலும் அவருக்குத்தான் போன். "அண்ணி, போன்ல போட்டோவெல்லாம் காணோம்" என்று நாத்தனார் வாரம் தவறாமல் அழைப்பார். "நீங்களே அழிச்சிருப்பீங்க" என்று மேடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தப் பொறுமையெல்லாம் நாத்தனாரோடு சரி. ஆபீசில் வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவார்.

வீடு மாறுவதற்காகப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். திரையில் முப்பத்தெட்டும் பச்சை. முதல் சர்வரைத் திறந்தார், நாலு கே.பி. என்று இருந்தது. இரண்டாவது, நாலு கே.பி. எட்டாவது வரை அதே நாலு, இருக்க வேண்டியதில் லட்சத்தில் ஒரு பங்கு.

"நாலு கே.பி.யா?" என்றார் உரக்க. "நாலு கே.பி.யில ஒரு முட்டுச்சந்து வராது. ஊரையே அடைச்சு வச்சிருக்கானா இவன்?"

ஃபைலைத் திறந்து பார்த்தார். உள்ளே தெருவும் இல்லை, மேப்பும் இல்லை. 'பயனர் பெயர், கடவுச்சொல்' என்று இரண்டு கட்டங்கள். மேப் தருகிற நிறுவனம் போன வாரம் தன் வாசலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. கதவைத் தட்டிய சர்வர்களுக்கு லாகின் பக்கத்தை நீட்டியிருக்கிறது. இவை அதையே மேப் என்று பெயரிட்டுப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டன. வண்டிகளிலுள்ள கருவிகள் புதியதைப் படிக்க முடியாமல் பழைய மேப்பையே ஓட்டிக்கொண்டிருந்ததால் ஒரு வாரமாக யாருக்கும் உறைக்கவில்லை.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆற்றுப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடுகிறார்கள். அந்த விவரம் புதிய மேப்பில்தான் இருக்கிறது. பழைய மேப்போடு போகிற வண்டி நோயாளியை வைத்துக்கொண்டு மூடிய பாலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். திரும்பிச் சுற்றி வரக் குறைந்தது இருபது நிமிஷம் ஆகும்.

மேடம் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, பாலம் மூடுவதை டிரைவர்களிடம் சொல்லிவிடச் சொன்னார். "வாயால வழி சொல்லக் கூடாது மேடம், விதி" என்றார் அங்கிருந்தவர். "மேப் ஒண்ணு சொல்லி நாங்க ஒண்ணு சொன்னா டிரைவர் எதைக் கேப்பாரு? மேலிடத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

"மேலிடம் எழுதுறதுக்குள்ள பாலத்தை ரிப்பேர் பண்ணித் திறந்தே விட்டுடுவாங்க" என்று போனை வைத்தார்.

ஆனால் ஒன்று இடித்தது. இப்படி நடக்கக் கூடாது என்றுதானே செக்சம் இருக்கிறது? ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கிற நீண்ட எண் அது. வந்த ஃபைலின் எண்ணும் கட்டளையில் எழுதியிருக்கிற எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு காட்டியே ஆக வேண்டும். கட்டளையைத் திறந்தார். அங்கே இருந்தது மேப்பின் எண் அல்ல. லாகின் பக்கத்தின் எண்.

"எவன் பாத்த வேலை இது? தப்பான ஃபைலுக்கு எண்ணெடுத்து, இதுதான் சரின்னு எழுதி வச்சிருக்கான்! காவக்காரன்கிட்டயே திருடன் போட்டோவைக் குடுத்து, இவர் வந்தா உள்ள விடுன்னு சொன்ன மாதிரி!"

பக்கத்து நாற்காலிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சாமான் கிடங்கிலிருந்து இந்தப் பிரிவுக்கு மாறி வந்தவர், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. "நான்தாம்மா" என்றார்.

"ஏன் சார்? ஏன்?"

"முப்பத்தெட்டும் சிவப்பா இருந்துச்சு. உங்களுக்குத்தான் போன் பண்ணினேன். எண் ஒத்துப்போகலைன்னா எண்ணை மாத்துங்க, இதுக்கெல்லாமா எனக்குப் போன் பண்ணுவீங்கன்னு சொன்னீங்க. மாத்தினேன்."

மேடத்துக்கு ஞாபகம் வந்தது. பீரோவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எரிந்து விழுந்து வைத்தது. அந்த மனுஷர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். தன் வாயே தனக்கு வினை வைத்ததை எண்ணி மேடம் நொந்துபோனார். "உங்க தப்பில்ல சார், விடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

மேப் நிறுவனத்துக்குப் போன் போட்டால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இருபது நிமிஷம் சங்கீதம் வாசித்தார்கள். ஒருவழியாக அந்தப் பூட்டுக்கான கடவுச்சொல்லும் சரியான செக்சமும் கிடைத்தன. கட்டளையில் எழுதி ஓட்டினார். ஒரு சர்வரும் அசையவில்லை. இதே தேதி போட்ட பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருக்கிறதாம், அதனால் எதுவும் செய்யவில்லையாம். "அடப் பாவிகளா, அது குப்பைடா!" என்று எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி மறுபடி ஓட்டினார். பதினொன்றரைக்கு முப்பத்தேழு நிலையங்களில் நானூற்றுப் பன்னிரண்டு எம்.பி. வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை மட்டும் அறுபது சதவீதத்தில் நேரம் முடிந்துவிட்டதென்று கையை விரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மேடம் தலையில் அடித்துக்கொண்டு அதன் நேர வரம்பை மூன்று மடங்காக்கினார். பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கையில் அதுவும் முடிந்தது.

ஆனால் வண்டியிலிருக்கும் கருவி, வண்டி நிலையத்தில் நிற்கும்போதுதான் சர்வரிடமிருந்து மேப்பை வாங்கிக்கொள்ளும். வாங்கிவிட்டதா என்று இங்கிருந்து பார்க்க வழியில்லை. பன்னிரண்டு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பதினேழாம் நிலையத்துக்கு அழைப்பு வந்தது. மூச்சுத்திணறல், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்ட வண்டி, திரையில் ஒரு நீலப் புள்ளியாகப் பாலத்தை நோக்கிப் போனது.

"அது மேப்பை வாங்கியிருக்கும்ல?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலிக்காரர். அடுத்த பாலத்துக்குப் போக, இந்தப் பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் பிரிகிற சாலை ஒன்றுதான் உண்டு. புள்ளி அதை நெருங்கிக்கொண்டிருந்தது. மேடம் திரையை நெருங்கி, வலது உள்ளங்கையைத் திரையில் பாலத்தின் மேல் அழுத்தி வைத்தார், சாலையில் இறங்கப் பார்க்கிற குழந்தையைத் தடுப்பதுபோல. புள்ளி ஒரு கணம் நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பியது.

"திரும்பிடுச்சும்மா, கையை எடுங்க" என்றார் அவர்.

புள்ளி அடுத்த பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய்ச் சேரும்வரை மேடம் கையை எடுக்கவில்லை.