மருந்து வேண்டாம் என்று சொன்ன நாள்

இதை எழுத ஆறு வருசம் தயங்கினேன். நோயைப் பற்றி எழுதினால் அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் சிரிப்பார்கள் என்று இன்னொரு பயம். இரண்டையும் ஆண்டாள் காலடியில் வைத்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது இந்தோனேசியாவில், பாண்டுங் என்கிற ஊரில். என் வீட்டுக்காரர் இங்கே ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். வாசல்படி தாண்டினாலே "மவ் கெ மானா?" என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். எங்கே போறீங்க என்று அர்த்தம். அவர்களுக்கு அது வணக்கம் மாதிரி. நம்மூரில் புறப்படும்போது அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு யாத்தியம்மா தவறாமல் கேட்பார். நான் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். எதையோ மறந்துவிட்டேன் என்று அவரும் கூடவே வந்து தேடுவார். தேடி முடித்து இருவரும் வாசலுக்கு வந்ததும் மறுபடி கேட்பார்: "மவ் கெ மானா?"

தொண்ணூற்றொன்றில் தம்பி கல்யாணத்துக்காக நான் மட்டும் ராஜபாளையம் வந்திருந்தேன். குளிக்கும்போது கழுத்தில் பட்டாணி போல ஒன்று தட்டுப்பட்டது. வலியில்லை. அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, தடவிப் பார்த்தாள். "நெறி கட்டியிருக்கு. எங்கயோ முள்ளு குத்தியிருக்கும்" என்று என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கழுத்து நெறிக்குக் காலு எதுக்கு மதினி?"

"ஒனக்கு வாயி மட்டும் எப்பவும் கொறையாது."

முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. இரண்டு மாதமாகியும் கரையவில்லை, அக்குளிலும் ஒன்று வந்தது. அண்ணன் மதுரைக்குக் கூட்டிப் போனார். கட்டியை எடுத்துப் பரிசோதித்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய், மெதுவாக வளர்கிற வகை. முடிவைக் கேட்க அண்ணன் மட்டும் உள்ளே போனார். டாக்டரம்மா அவரிடம் சொன்னது இதுதான்: "இப்போதைக்கு மருந்து வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இஷ்டப்பட்டதைச் சாப்பிடட்டும்."

நம்மூரில் டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவேயில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு கிலோ பால்கோவா வாங்கினார். ஆயுசில் கால் கிலோவைத் தாண்டாத மனுசன். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து சனம் வர ஆரம்பித்தது, ஆளுக்கொரு பொட்டலத்தோடு. பத்து வருசம் பேசாத பெரியம்மா மகள் வந்து, "மன்னிச்சிரு அக்கா" என்றாள்.

"எதுக்குட்டி?"

"எல்லாத்துக்குந்தான்."

மன்னித்தேன். பால்கோவாவையும் விடவில்லை. மூன்று கிலோ எடை கூடினேன். "சாகப் போறவ மாதிரியா இருக்கா?" என்று ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டே படியிறங்கியபோதுதான் எனக்கு விசயம் தெரிந்தது. அண்ணன் என் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். "கண்காணாத ஊர்ல போயி அநாதையாக் கெடக்கணுமா? மாப்பிள்ளை இங்க வரட்டும்" என்றார். வந்தால் அவிய மில் வேலை போய்விடும். நான் மதினியை இழுத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன்.

"டாக்டரம்மா, நான் எப்ப சாவேன்?"

"சாவேன்னு யார் சொன்னா?"

"எங்க அண்ணன். வாயால சொல்லல, பால்கோவா வாங்கிக் குடுத்தாரு."

அவர் சிரித்து முடித்துவிட்டு விளக்கினார். உடம்பைக் காவல் காக்கிற அணுக்களில் வருகிற நோயாம். சில சமயம் தானாகவே சுருங்குமாம், பிறகு பெருக்குமாம். "தொந்தரவு தராதப்ப மருந்து குடுத்தா ஆயுசு கூடாது, மருந்தோட அவஸ்தைதான் மிச்சம். காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையிறது, கட்டி பெருசாகுறது, இதுல ஏதாவது வந்தா ஆரம்பிக்கலாம். முழுசாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதோட பல வருசம் வாழுறவங்க இருக்காங்க. எந்த ஊர்ல இருந்தாலும் மூணு மாசத்துக்கு ஒருதடவை காட்டணும்."

"அப்ப நாங்க அழுததெல்லாம்?" என்றாள் மதினி.

"எடுத்து வச்சிருங்க மதினி, பொறவு ஆகும்" என்றேன். சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணன் பீரோவைத் திறந்தார்.

கட்டி கரைந்தால் முடியிறக்குகிறேன் என்று இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்திருக்கிறேன். அது சுருங்குகிறது, பெருக்கிறது. அவள் முதலில் அசைவாளா நான் அசைவேனா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "எப்பத்தான் கரைக்கப் போற?" என்று தினம் விளக்கேற்றும்போது அவளிடமே கேட்கவும் செய்கிறேன்.

ஊர்க் கடிதங்களில் ஒரு வீட்டில் நான் செத்துவிட்டேன், இன்னொரு வீட்டில் வேப்பிலைச் சாறு குடித்துக் குணமாகிவிட்டேன். கட்டி உள்ள யாரிடமாவது இதைச் சொல்வதானால் உள்ளபடி சொல்லுங்கள். மருந்து வேண்டாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாகச் சொல்லக் கூடாது. உங்கள் பங்குக்கு என்னைக் குணமாக்கவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம். நோயும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். அங்கே எனக்காக அழுது முடித்துவிட்டார்கள். இங்கே எனக்கு இப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. நடுவில் நான் உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருக்கிறேன்.