அத்தைக்கு ஒரு சாயங்காலம்

விடுமுறை நாள் மாலையில் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிட்டிருக்கிறீர்களா? போயிருப்பீர்கள். இடம் கிடைக்கவில்லை என்று வாசலில் நின்று முணுமுணுத்திருப்பீர்கள். சூப் ஆறிவிட்டது என்று முகம் சுளித்திருப்பீர்கள். கேள்வி அதுவல்ல. ஊரே வீட்டில் கூடியிருக்கும் அந்த மாலையில், உங்களுக்குப் பரிமாற இன்னார்தான் வரவேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள், எந்த நியாயத்தில் முடிவு செய்தார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்ததுண்டா?

யோசித்ததில்லை என்றால் ஷிஃப்ட்டுக்காரரின் கதையைக் கேளுங்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, கீழும் மேலுமாக இரண்டு கூடங்கள் கொண்ட உணவகம் ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். யார் எந்த நாள், எந்த நேரம் வேலைக்கு வரவேண்டும் என்று பட்டியல் போடுவது அவர் பொறுப்பு. அதனால் வந்த பெயர்தான் ஷிஃப்ட்டுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

முதலில் அங்கே மேசை துடைக்க வந்தவர் அவர். மூத்த மகள் பிறந்த மாலையில், யாரோ ஒரு பணக்காரக் குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் ஐஸ்கிரீம் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "பொறந்த புள்ள ஓடியா போயிடும்? நாளைக்குப் பாரு" என்றார் அப்போதிருந்த மேற்பார்வையாளர். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பின்னாளில் பட்டியல் போடும் பேனா தன் கைக்கு வந்தபோது, முதல் வேலையாக ஒரு சட்டம் செய்தார். ஆண்டு இறுதி விடுமுறையின் பெரிய மாலையில் பிள்ளைகுட்டிக்காரர்களுக்கே முதலில் லீவு.

நல்ல மனிதர் செய்த நல்ல சட்டம். அநியாயம் எப்போதும் கொம்பு வைத்துக்கொண்டு வருவதில்லை. பல நேரங்களில் இரக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது.

சாமான் அறையில், குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று தொங்கியது. விடுமுறை நெருங்க நெருங்க அந்தப் பலகைக்கு முன்னால் நீதிமன்றம் நடக்கும். ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் என்பார். இன்னொருவர் மாமியாருக்கு மூட்டுவலி என்பார். மேல்கூடத்தில் பரிமாறும் சுருட்டை முடிக்காரனுக்கு ஆண்டுதோறும் இதே வாரத்தில் ஒரு பாட்டி இறந்துபோவார்.

"ஏம்பா, ஒருத்தருக்கு ரெண்டு பாட்டிதானப்பா இருக்கும்? உனக்கு இது எத்தனாவது?" என்பார் ஷிஃப்ட்டுக்காரர்.

"எங்க தாத்தா கொஞ்சம் ஜாலியான ஆளு சார்" என்பான் அவன்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஷிஃப்ட்டுக்காரர் பெயரை எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். எழுதி அழித்து, எழுதி அழித்து, பலகை சாம்பல் பூத்துக் கிடக்கும். ஆனால் ஒரே ஒரு பெயர் மட்டும் அழிக்கப்படவே இல்லை. பெரிய மாலைக்குரிய கட்டத்தில், எல்லாப் பெயர்களுக்கும் மேலே, 'அத்தை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். என்றோ ஓர் ஆண்டு, பெட்டிகளில் விலாசம் எழுதும் அழியாத மைப் பேனாவை எடுத்துத் தவறுதலாக எழுதிவிட்டார். துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. "கிடக்கட்டும், எப்படியும் வருஷா வருஷம் அவங்கதான்" என்று விட்டுவிட்டார்.

அத்தை நின்றது ஜன்னலில். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டுகள் வந்து நிற்கும் திறப்பைத்தான் அங்கே ஜன்னல் என்பார்கள். கூடத்திலிருந்து வரும் ஆர்டர் சீட்டை வாங்கி உள்ளே குரல் கொடுப்பதும், உள்ளேயிருந்து வரும் தட்டு எந்த மேசைக்கு என்று பார்த்து அனுப்புவதும் அத்தையின் வேலை. ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் வெண்கலம். "பதினொண்ணுக்கு மீன் எங்க மாஸ்டர்? கடலுக்கே போயிட்டீங்களா?" என்று அத்தை கேட்டால் அடுப்பு கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை இல்லை. எல்லோருக்கும் அத்தை. ஆனால் அத்தை என்று உரிமையோடு வீட்டு வாசலில் போய் நிற்கிற ஒரு மருமகனோ மருமகளோ கிடையாது.

"உங்களுக்கென்ன அத்தை, ஒண்டிக்கட்டை. வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்காங்க?" என்பார்கள். புகழுவதுபோலவே சொல்வார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

அந்த ஆண்டு, நீதிமன்றம் கலைந்தபின், அத்தை பலகைக்கு முன்னால் வந்து நின்றார். ஷிஃப்ட்டுக்காரர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பெரிய சாயங்காலம் எனக்கு லீவு வேணும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான். வேற எந்த அத்தைக்கு?"

"என்னத்தை திடீர்னு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"ஊருக்குப் போறீங்களா? யாராச்சும் வர்றாங்களா?"

"யாரு வருவா?"

"அப்ப என்னதான் காரணம்?"

"காரணம்னு ஒண்ணும் இல்ல தம்பி. லீவு வேணும். அவ்வளவுதான்."

ஷிஃப்ட்டுக்காரர் சங்கடத்தில் நெளிந்தார். அன்று இரண்டு கூடங்களும் நிரம்பி வழியும். ஜன்னலில் அத்தை இல்லாவிட்டால் சீட்டு ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் போகும். அதைவிட, காரணம் சொன்ன பேருக்கே இல்லை என்று சொல்லியிருக்கும்போது, காரணமே இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது? குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை, சும்மா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல. மத்தவங்க கேட்டா சொல்றதுக்கு எனக்கு ஒரு பிடி வேணும்ல?"

 அத்தை மெதுவாகச் சொன்னார்: "பொய் சொல்றதுக்கும் ஆளு வேணும் தம்பி. சாகடிக்கக்கூட எனக்கு ஒரு பாட்டி இல்லையே."

சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். உள்ளே அவர் குரல் வழக்கம்போல ஒலித்தது. ஷிஃப்ட்டுக்காரருக்குத்தான் டீ கசந்தது.

செய்தி அடுப்பில் வைத்த பால்போலப் பொங்கிப் பரவியது. "அத்தைக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு போல" என்றான் சுருட்டை முடிக்காரன். "லாட்டரி அடிச்சிருக்கும்" என்றார் கல்லாவில் இருந்தவர். மாஸ்டர் கரண்டியைத் தட்டி வைத்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அந்தம்மா இல்லாம அன்னிக்கு நான் அடுப்படிக்கு வரமாட்டேன்யா. பாவம்தான், இல்லைங்கல. ஆனா சிலருக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்."

கொடுப்பினை! நம் ஆட்கள் எத்தனை அழகான சொற்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்! ஒருத்தருடைய பங்கை ஊரே கூடி எடுத்துக்கொள்ளும். பிறகு அவர் கை காலியாக இருப்பதைப் பார்த்து, கொடுத்து வைக்கவில்லை என்று உச்சுக்கொட்டும். எந்த வானத்திலிருந்தும் அந்தப் பலகைமேல் எழுத்து விழவில்லை. ஷிஃப்ட்டுக்காரர்தான் எழுதினார், தவறான பேனாவால்.

அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "என்னங்க, மூஞ்சி தொங்கிப்போயிருக்கு? யாரு பாட்டி செத்தாங்க?"

நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "காரணம் சொன்னா குடுத்துடுவேன். சொல்லமாட்டேங்கறாங்களே" என்று தன் பக்க நியாயத்தையும் சேர்த்துக்கொண்டார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "நீங்க வருஷா வருஷம் அன்னிக்கு வீட்டுல இருக்கீங்களே, என்ன காரணம் சொல்லி எடுத்தீங்க?"

"என்ன கேள்வி இது? நமக்குப் புள்ளைங்க இருக்குல்ல."

"போன வருஷம் அன்னிக்குப் புள்ளைங்களோட என்ன செஞ்சீங்க?"

ஷிஃப்ட்டுக்காரர் யோசித்தார். உள்ளறையிலிருந்து மூத்த மகள் எடுத்துக் கொடுத்தாள்: "அப்பா டிவி முன்னாடி வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கினாரு. தங்கச்சி அவரு வாய்க்குள்ள கடலை போட்டா."

"அதான்" என்றார் மனைவி. "அது தப்புன்னு சொல்லல. ஒழைக்கிற மனுஷன், தூங்குங்க. ஆனா நீங்க தூங்குனது அந்தம்மாவோட சாயங்காலத்துல. நம்மகிட்ட புள்ளைங்க இருக்குதுங்கிறது அவங்க செஞ்ச குத்தமா?"

ஷிஃப்ட்டுக்காரர் கீழே கிடந்த சட்டையை எடுத்து மடித்தார். பிறந்த மகளை நாளைக்குப் பார்த்துக்கொள் என்று சொன்ன மேற்பார்வையாளரின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தில் தன் மீசை இருப்பதுபோல் தோன்றியது.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னதாகப் போனார். ஈரத்துணியால் பலகையைத் தேய்த்தார். எழுத்து அசையவில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தார். பலகைதான் கீறியது. கடைசியில், கை துடைக்கும் கிருமிநாசினியைத் துணியில் நனைத்து அழுத்தினார். மை கரைந்து நீலமாக ஒழுகியது. இத்தனை ஆண்டுகள் அழியாத எழுத்து என்று நம்பியது, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் மாட்டியிருந்த ஒரு பாட்டிலுக்குக் கரைந்துவிட்டது. அழியாதது என்று ஒன்றும் இல்லை. யாரும் அழிக்க நினைக்காதது என்று ஒன்று இருக்கிறது.

காலியான அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். பெற்றவர்கள் வைத்த பெயரை.

மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "ஜன்னல்ல நீயா? உன் குரலு எனக்கே கேக்காதேய்யா. வாடிக்கையாளருக்கு என்னத்தப் போய்ச் சேரும்?" என்றார்.

"கேக்கலைன்னா காதத் தீட்டிக்கோங்க மாஸ்டர்."

பெரிய மாலை வந்தது. வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. ஷிஃப்ட்டுக்காரர் ஜன்னலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். ஏழாம் மேசைக்குப் போகவேண்டிய சூப் பதினேழுக்குப் போனது. பதினேழில் இருந்தவர் பேசாமல் குடித்துவிட்டு நன்றாயிருந்தது என்றார். ஏழில் இருந்த அம்மா சண்டைக்கு வந்தார். "அத்தை இருந்திருந்தா..." என்று மாஸ்டர் ஆரம்பிக்கும்போதெல்லாம் ஷிஃப்ட்டுக்காரர் ஒரு சீட்டை நீட்டி வாயை அடைத்தார். கூட்டம் வடிந்தபோது அவருடைய குரல் முழுவதும் போயிருந்தது. கால்கள் தூண்கள்போல வீங்கியிருந்தன. ஆனாலும் கடை இடிந்து விழவில்லை. அத்தை ஒருத்தர் லீவு எடுத்தால் உலகம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொன்னார்களே, உலகத்துக்கு அது தெரியவே இல்லை.

அடுத்த நாள் அத்தை வேலைக்கு வந்தார். தலைவாரிப் புதிதாகப் பின்னல் போட்டிருந்தார். நேற்று என்ன செய்தீர்கள் என்ற கேள்வி ஷிஃப்ட்டுக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார். குரல் இல்லாததும் ஒரு விதத்தில் உதவியாகப் போயிற்று. டீயை மட்டும் நீட்டினார்.

அத்தை மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு வாய் குடித்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"நான் குடியிருக்கிற கட்டடத்துல, ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் வேலை முடிஞ்சு போனா, கதவுப் பிடியில ஒரு பை தொங்கும் தம்பி. உள்ள ஒரு தட்டு, மூடி போட்டு. சாப்பாடு. ஆறிப் போயிருக்கும். யாரு வெக்கிறாங்கன்னே தெரியாது. தட்டைக் கழுவிப் படிக்கட்டுல வெச்சா, காலைல காணாமப் போயிடும். தட்டை மட்டும்தான் எனக்குப் பழக்கம். குடுத்த மனுஷரத் தெரியாது. ஒரு வருஷமாச்சும் அது சூடா வர்றப்ப கதவத் தொறக்கணும்னு ஆசை. இத ஒரு காரணம்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

ஷிஃப்ட்டுக்காரர் காற்றுக் குரலில், "வந்தாங்களா?" என்றார்.

"மேல் வீட்டுப் பொண்ணு. நான் கதவத் தொறந்ததும் பயந்துபோய் அந்தப் பொண்ணு தட்டையே விடப் பாத்துச்சு. 'ஐயோ, இருக்கீங்களா! நீங்க ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி நர்ஸுன்னுல்ல நெனச்சோம்'னுச்சு." அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்த ஜன்னல்ல அந்தக் கத்து கத்துறேன்ல? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை வரல தம்பி. தட்டை வாங்கிக்கிட்டு நிக்கிறேன். கை சுடுது. கீழ வெக்கவும் மனசு வரல. அப்புறம் அந்தப் பொண்ணே, 'தனியா எதுக்கு, மேல வாங்க'ன்னு தட்டோட சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

சொல்லி முடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். ஜன்னலுக்குப் போனார். "ரெண்டுக்கு சூப் எங்க மாஸ்டர்? ஆடு வாங்கப் போயிருக்கீங்களா?" என்ற குரல் கேட்டது. அடுப்பங்கரையே சிரித்தது.

ஷிஃப்ட்டுக்காரர் பலகையின் முன் நின்றார். அத்தை சொன்னது நல்ல காரணம்தான். முன்பே கேட்டிருந்தால் கண் கலங்கி லீவு கொடுத்திருப்பார். ஆனால் அத்தை மேல் வீட்டுக்குப் போகாமல், சோற்றைத் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கியிருந்தால் மட்டும் அந்த மாலை அவருக்கு உரியதில்லை என்று ஆகிவிடுமா? அடுத்த ஆண்டுக்கான புதிய சட்டத்தை அவர் எழுதினார். பெரிய மாலை எல்லோருக்கும் முறை வைத்து வரும். போன தடவை வேலை பார்த்தவருக்கு இந்தத் தடவை லீவு. காரணம் யாரும் சொல்ல வேண்டாம். சுருட்டை முடிக்காரன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப எங்க பாட்டிங்க எல்லாம் இனிமே பொழச்சுக்குவாங்க சார்" என்றான்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் ஒரு பலகை இருக்கும். உங்கள் வீட்டிலும், கண்ணுக்குத் தெரியாமல், ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். 'அவங்களுக்கென்ன, தனி ஆளு' என்று சொல்லி யார் பெயரை அதில் முதலில் எழுதுகிறீர்கள் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். அந்தப் பெயரை அழியுங்கள். அந்த இடத்தில் ஒரு முறையாவது உங்கள் பெயரை எழுதுங்கள். அவர் அந்த மாலையை என்ன செய்யப்போகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.