ஆமை முட்டையைத் திருப்புவது யார்

எண்பதுகளில் ஒரு தீவில், கடலாமை முட்டைகளைக் காக்கும் குழுவில் இருந்தேன். மீனவர்களுக்கு நாங்கள் போட்டுக்காட்டும் படத்தை, ஒருமுறை நாமக்கல் பக்கம் என் ஊருக்கும் எடுத்துவந்தேன். கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கின் சன்னல்களைச் சாக்கால் மறைத்து, பட்டப்பகலில் ஓட்டினேன்.

படத்தில் ஆமை மணலில் நூற்றுக்குமேல் முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குள் போனது. பண்ணைக்காரப் பெண் ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்க, அடை படுத்த கோழி தெனமும் முட்டைய மூக்கால திருப்பி உடும். உங்க ஆமை மூடிட்டுப் போயிருச்சு. அப்பறம் யாருங்க திருப்பறது?”

எனக்குத் தெரியாது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? “மணலே பாத்துக்குமுங்க” என்று அடித்துவிட்டேன். அவர் நம்பவில்லை.

கேள்வி என்னோடு தீவுவரை வந்தது. அங்கே, எங்கள் படத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காரும் மீனவரிடம் கேட்டேன்.

“திருப்புனா உள்ள இருக்குற குஞ்சு செத்துரும். போட்டது போட்டபடி கெடக்கணும்.”

இரண்டு வருடமாக நாங்கள், காப்பாற்றுவதாக நினைத்து, அந்த முட்டைகளைத் தோண்டி, வாளியில் கொட்டி, வேலிக்குள் கொண்டுபோய்ப் புதைத்துக்கொண்டிருந்தோம்.

“இத ஏனுங்க சொல்லல?” என்று கத்தினேன்.

“நீங்க படந்தான போட்டீங்க” என்றார். “எங்கள எதுவும் கேக்கலயே.”