கச்சேரி கேசட்டில் அத்தை கேட்டது

எங்கள் ஊருக்கு முதல் டவுன் பஸ் வந்த வருஷம் அது. திரும்ப இடமில்லாமல் களத்துமேட்டுச் சேற்றில் சிக்கி, மாடு கட்டி இழுத்தார்கள். டிரைவர் ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று போனார். அது கிடக்கட்டும். அந்த ஆடித் திருவிழாவில்தான் இது நடந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, இரண்டு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். சங்கராபுரத்துப் பாட்டுக் குழு ஒன்று எங்கே கச்சேரி வைத்தாலும் மேடையோரம் உட்கார்ந்து பதிவு செய்வார். விடிந்ததும் நகல் எடுத்து ரசிகர்களுக்கு விற்பார். அவர் மனைவி, என் அத்தைக்கு, அந்தத் தொழில் பிடிக்காது.

"பாட்டு புடிக்கப் போறியா, ஆளு புடிக்கப் போறியா?" என்பாள். அவர் திரும்பி வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பாள். ஒருமுறை நானும் மோந்து பார்த்தேன். பீடி நாற்றம்தான் அடித்தது.

எங்கள் ஊர்க் கச்சேரிக்கு மறுநாள் காலை, கோயில் பந்தலில் மாமா கேசட்டுகளைப் பரப்பினார். கூட்டம் கூடியது. யாரும் வாங்கவில்லை.

"இது நம்மூருல பாடனதுதான்னு இன்னா நிச்சயம்? நைனார்பாளையத்துல புடிச்சத எங்க தலையில கட்டப் பாக்கறியா?" என்றார் டீக்கடைக்காரர்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேசட்டை ஓடவிட்டார். ஒரு பாட்டு முடிந்ததும், மலைப் பக்கம் ஓடிப்போன கன்றுக்குட்டியைப் பற்றி எங்கள் ஊர்த் தலைவர் மைக்கில் சொன்னது வந்தது.

"இப்ப நம்பறியா?" என்று நிமிர்ந்த மாமா, டேப்பை நிறுத்த மறந்தார். அடுத்து வந்தது அந்தக் குழுப் பாடகியின் குரல். மிக அருகிலிருந்து, மெதுவாக.

"சாப்டீங்களா?"

"நீ சாப்டியா? மொதல்ல நீ சாப்புடு. பாடிக்கினே இருந்தா தொண்ட இன்னாத்துக்கு ஆவும்?" இது மாமா.

மாமா பாய்ந்து நிறுத்தினார். டீக்கடைக்காரர் காசை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணு குடுப்பா. பாட்டு கம்மியா இருந்தாலும் பரவால்ல, சாப்பாடு முழுசா இருக்கணும்."

மாமா எல்லாவற்றையும் பைக்குள் அள்ளப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. காசைப் போட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கடைசிக் கேசட்டை எடுத்தது அத்தை. அவளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்று மாமா வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் பந்தலிலேயே விட்டுப்போன டேப் ரெக்கார்டரில் அத்தை அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டாள். குடும்பம் பிரிந்துவிடுமோ என்று பயந்த அம்மா, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவ எந்த ஊருக்காரின்னு தெரிஞ்சிதா?"

"அவள வுடுக்கா. இவரு கொரலக் கேளு."

நானும் கேட்டேன். "துண்டு எங்க, தண்ணி எங்க" என்று தினமும் வீட்டில் கத்துகிற அதே குரல்தான். இதற்குக் கேசட் எதற்கு, மாமா வந்தால் நேரிலேயே கேட்கலாமே என்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். மறுபடியும் பட்டனை அழுத்தினாள்.

அப்படி ஒரு குரலை அவள் அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அத்தை ஒரு சந்தேகக்காரி, கேசட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள் என்றுதான் எங்கள் ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். எங்கள் கச்சிராயபாளையம் பக்கம் போனால், அவள் கேட்டது எதை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.