கீழ்வீட்டு ஆப்பரா

எங்கள் அம்மாவுக்குச் சக்களத்தியாக வந்து சேர்ந்தவர், நூறு வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஓர் ஆப்பரா இசையமைப்பாளர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாண்ட்ரியலில், செயின்ட் லோரன்ட் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா விமானத் தொழிற்சாலையில் இன்ஜினியர். கீழே இருந்த வீட்டுச் சொந்தக்காரப் பெண்மணி கணவனை இழந்தவர். இளவயதில் ஆப்பரா என்னும் பாட்டு நாடகங்களில், மேடைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடியவர். மதாம் என்றுதான் கூப்பிடுவோம். குழாய் ஒழுகுவதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போன அப்பா, அங்கே ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் குழாய் ஒழுகாமலே போனார்.

அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். திரும்பி வந்ததும் சமையலறையில் விசாரணை நடக்கும்.

“என்னடி பேசினாங்க ரெண்டு பேரும்?”

“அந்தப் பாட்டுக்காரர் கதைதாம்மா.”

கேட்டதையெல்லாம் ஒப்பிப்பேன். ஜெர்மனியில் பிறந்து பாரிசுக்குப் போனாராம். அவருடைய ஆப்பரா என்றால் மேடை கொள்ளாத கூட்டம் பாடுமாம், ராஜாக்களே வந்து கேட்பார்களாம். அவர் கைதூக்கிவிட்ட ஓர் இளம் இசையமைப்பாளரே பின்னால் வயிற்றெரிச்சலில் அவரைத் திட்டி எழுதினாராம். கொஞ்சம் கொஞ்சமாக உலகம் அவரை மறந்துவிட்டதாம். தன்னை உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், இறந்தபின் கைகால்களில் மணி கட்டிச் சில நாள் காவல் இருக்கச் சொல்லியிருந்தாராம்.

எனக்கு மணிதான் பிடித்தது. அம்மாவின் கவலை வேறு.

“அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?”

“கண்ணை மூடிட்டுக் கேட்டார். அப்புறம் அழுதார்.”

அடுத்த ஞாயிறு அம்மா பட்டுப்புடவை மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, பனி படிந்த வெளிப்படியில் எங்களோடு தானும் இறங்கினாள்.

தட்டு சுழன்றது. ஒரு பெண் குரல் உச்சிக்கு ஏறிய இடத்தில் அப்பா கண்ணை மூடினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தம்பிக்குப் புது சைக்கிள் வாங்கியபோது நான் அவனைப் பார்த்த பார்வை அது.

தட்டு முடிந்ததும் மதாம், உன் அம்மா பாடுவாளா என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார். “அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு” என்று அப்பாவே பிரெஞ்சில் பதில் சொன்னார். கேள்வி, பதில் இரண்டையும் நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தொடையில் தாளம் போட்டுத் தோடியில் ஒரு கீர்த்தனையை எடுத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் குரல் கம்மியது. பிறகு அந்த அறை அதற்குப் போதவில்லை. மதாம் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கி அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டார். அப்பா இந்த முறை கண்ணை மூடவில்லை.

மேலே வந்ததும் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இத்தனை வருஷமா ஏன் பாடவே இல்ல?”

“யாரு கேட்டா?” என்றாள் அம்மா.

அப்பா குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். பாவம், யார் கேட்டது என்பதை மறந்துவிட்டார் போல என்று நினைத்து, “மதாம்தாம்மா கேட்டாங்க!” என்று நானே சொன்னேன். சரியாகச் சொன்ன என்னை இருவரும் ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது.