ஃபீஸ் வாங்காத ஆடிட்டர்

பேரம் பேசுவதில் எனக்கு அப்போது பெரிய கர்வம். என் வாய்க்கு இறங்கி வராத ஜவுளிக்காரன் குரோம்பேட்டையிலேயே கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். அஸ்தினாபுரத்தில் மூன்று மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது மெஷினுக்குப் பேங்கில் லோன் கேட்டுப் போனால், இரண்டு வருஷ இன்கம்டாக்ஸ் பேப்பர் கொண்டுவா என்றார்கள். அதுவரை இன்கம்டாக்ஸ் ஆபீஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

விசாரித்தேன். மெயின் ரோடான ஜிஎஸ்டி ரோட்டில் போர்டு மாட்டியிருந்த நிஜ ஆடிட்டர் வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய் என்றார், அதுவும் பில் புத்தகமெல்லாம் ஒழுங்காக இருந்தால். பல்லாவரத்தில் ஒருவர் முந்நூறு. இந்த வேலைக்கு இதுதான் ரேட் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆளைப் பார்த்து, செருப்பைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்வார்கள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியறையில் இருந்தவர் மட்டும் நூறு ரூபாய் என்றார். ஏதோ ஆடிட்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்துவிட்டுத் தனியாக வந்தவர். பரீட்சை எதுவும் பாஸ் செய்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் ஆடிட்டர்தான். நான் விடுவேனா? எழுபத்தைந்து என்றேன். அவர் சிரித்தார்.

"எதுக்கும்மா எழுபத்தஞ்சு? உங்களை மாதிரி தொழில் பண்றவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு ஃபீஸே வேண்டாம்."

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஒரு மனுஷன் வாடகை கொடுத்து ஃபேன் போட்டு உட்கார்ந்துகொண்டு சும்மா வேலை செய்து தருகிறேன் என்றால், அவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? கேட்கத் தோன்றவில்லை. யார் அந்த நாலு பேர் என்று பஸ்ஸில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

முதல் ஆள், எங்கள் தெருமுனையில் மாவு மில் வைத்திருந்த அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் அதற்கும் மேல். கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மில் வருமானத்தோடு வளையலையும் விற்றுப் போட்டு, திருநீர்மலை போகிற வழியில் அரை கிரவுண்ட் மனை வாங்கி, ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தாள். தளம் போட லோன் வேண்டும். அவளிடமும் அதே பேப்பரைக் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், வருஷத்துக்கு நூறே நூறு என்றேன். எனக்கு ஃபீஸ் இல்லை என்பதை மட்டும் வாய் திறக்கவில்லை.

"நீ சொன்னா சரிதாம்மா. எனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

இன்னும் மூன்று பேரையும் அப்படித்தான் சேர்த்தேன். அந்த மாடியறையில் எங்களிடம் வருமானம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. லோன் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அதிலிருந்து வருமானத்தை எழுதினார். ஒன்றும் நிரப்பாத ஃபாரத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார். வருமானம் ஏறினால் வரியும் ஏறும் இல்லையா? அந்த வரியைத் தன்னிடமே ரொக்கமாகக் கொடுத்துவிடச் சொன்னார். மார்ச் மாதக் கூட்டத்தில் நீங்கள் ஏன் பேங்க் வரிசையில் நின்று பேஜார் படவேண்டும், நானே கட்டிவிடுகிறேன் என்றார். அக்கா முந்தானையில் முடிந்து வந்த கட்டை நீட்டினாள். எண்ணிக்கூடப் பார்க்காமல் டிராயரில் போட்டார். நூறு ரூபாய் ஃபீஸுக்கு வேலை செய்கிற ஆள், அத்தனை பணத்தை எண்ணவில்லை.  எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஐந்து பேருடைய சலானையும் நான்தான் போய் வாங்கி வந்தேன். பணம் கட்டியதற்குப் பேங்க் முத்திரை குத்திய ரசீது அது. பஸ்ஸில் சும்மா புரட்டிப் பார்த்தேன். நாலு பேர் சலானிலும் முத்திரை புத்தம் புதுசாக, பளிச்சென்று இருந்தது. என்னுடையதில் மட்டும் மங்கிப்போய், தேதி கோணலாக, மேலே யாரோ கிறுக்கியிருந்தார்கள். அடுத்த தடவை கேட்டதற்கு, "உங்களுது வேற கவுண்டர்ல கட்டினதும்மா" என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஓசியில் வேலை வாங்குகிறவளுக்கு எந்த வாயால் குறுக்குக் கேள்வி கேட்க முடியும்?

லோனில் முதல் பாகம் வந்து, அக்கா கம்பி இறக்கினாள். தளத்துக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டியாயிற்று. அப்போதுதான் இன்கம்டாக்ஸ் ஆபீஸிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. வரி கட்டவில்லை, வட்டியோடு கட்டு என்று. கையில்தான் சலான் இருக்கிறதே என்ற தைரியத்தில் கடிதத்தைப் பேங்க் மேனேஜரிடமே கொண்டுபோய்க் காட்டினாள். மீதி லோன் அன்றோடு நின்றது. அடுத்த வாரத்துக்குள் மற்ற மூன்று பேருக்கும் கடிதம் வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். எனக்கும் வந்துவிட்டால் தேவலை, நானும் ஏமாந்தவள் என்று அவர்களோடு நின்று அழலாம். அவர் சைக்கிள் ஒவ்வொரு நாளும் என் வீட்டைத் தாண்டிப் போனது.  தாம்பரத்துக்கு ஓடினால், மாடியறை காலியாகி ஒரு மாதம் ஆகிறது என்றார் அந்த வீட்டு ஓனர்.

கடைசியில் அக்காவும் நானும் இன்கம்டாக்ஸ் ஆபீஸுக்கே போனோம். அங்கிருந்த கிளார்க் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மற்ற நாலு பேர் பணமும் வந்து சேரவில்லை, முத்திரையே போலி என்றார். என்னுடையது மட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் கட்டியிருந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கிறவளுக்குச் சந்தேகம் வரக்கூடாதே!

வெளியே பஸ் ஸ்டாப்பில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஃபீஸ் எவ்ளோ வாங்கினான்?"

நூறு என்று பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை. "ஒண்ணும் வாங்கலக்கா. ஆள் கூட்டிட்டு வந்தா வேண்டாம்னு சொன்னார்."

அவள் இரண்டு விரலை மடக்கினாள். "ரெண்டு வருசம். அப்போ உனக்கு எரநூறு ரூபா மிச்சம்," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தளம் போடாத அந்த வீட்டைக் கம்பியோடு வந்த விலைக்கு விற்றாள். நான் அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு, மாவு அரைக்கக் குரோம்பேட்டை வரை நடக்க ஆரம்பித்தேன். என் மில்லுக்கு வராதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.