எழுப்பிக்கொண்டே இருந்த டாக்டர்

புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். நரை ஏறிய தலை, தூக்கத்துக்கு ஏங்கும் கண்கள். மூக்கு முட்டக் குடித்துவிட்டு உறையூர் பஸ் ஸ்டாப்பில் விழுந்து கிடந்த என் அண்ணனை ஒரு மத்தியானம் அங்கே கொண்டுபோயிருந்தேன். எத்தனையாவது தடவையோ.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு சற்றைக்கொருதரம் வந்து, "ஐயா, உங்க பேரு சொல்லுங்க" என்று தட்டி எழுப்பினார். குடித்துவிட்டு வந்த எல்லாரையும் அப்படித்தான் எழுப்பினார்.

"தூங்கட்டும் விடுங்க டாக்டர். தெளிஞ்சா எந்திரிச்சிடுவாரு" என்றேன் சலிப்போடு.

"குடிச்சிருக்காருன்னு வாடையே சொல்லுதுங்க. வேற ஒண்ணும் இல்லேன்னு யாரு சொல்றது?"

அடுத்த முறை எழுப்பியபோது அண்ணனுக்குப் பேர் வரவில்லை, வெறும் முனகல்தான். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்று மாலையே ஆபரேஷன் செய்தார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நன்றி சொல்லப் போனேன். "இவரு மறுபடியும் குடிக்கத்தான் போறாரு டாக்டர்" என்றேன்.

"குடிச்சா மறுபடியும் கூட்டிட்டு வாங்க. எனக்கும் அலுப்பாத்தான் இருக்கும். ஆனா பாப்பேன்."

கூடப் பிறந்த எனக்கே தீர்ந்துபோயிருந்த பொறுமை அந்த அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.